இலவங்காய் ஓட்டில் காய்ந்த ஏலக்காய்

1. திரும்பி வந்த நான்கு மூட்டைகள்

பதினோரு வருஷம் நான் உலர்த்தி அனுப்பிய ஏலக்காய் போடியிலிருந்து ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்தது. ஜீப்பு டிரைவர் வீரணன் நான்கு மூட்டைகளையும் ஸ்டோர் வாசலில் இறக்கிப் போட்டான். என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணே, புகை வாடை அடிக்குதாம். வியாபாரி ஒரு காய ஒடச்சு மோந்து பாத்துட்டு, இது ஏலக்காயா கருவாடான்னு கேட்டாராம். மொதலாளி நாளைக்கு மேல வர்றாரு."

அந்தக் காயைக் காயவைத்தவன் நான். தப்பு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆனால் எந்த வேலையில் இறங்கி அந்தத் தப்பு நடந்ததோ, அந்த வேலையில் இறங்கியதற்காக நான் அன்றைக்கும் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

பட்டனைத் தட்டி டிரையரில் காயவைக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிவலைத் தட்டுகள். தரையோடு தரையாகப் பெரிய தகரக் குழாய் ஒன்று அறையைச் சுற்றி ஓடி, கூரைக்கு மேலே புகைபோக்கியில் போய் முடியும். அடுப்பு வெளியே இருக்கும். அடுப்பின் சூடும் புகையும் குழாய்க்குள்ளேயே போய்விட வேண்டும். அறைக்குச் சூடு மட்டும்தான் வரலாம், புகை வரக்கூடாது. பச்சைக்காய் உள்ளே போய் ஒரு பகலும் ஓர் இரவும் மெதுவாகக் காய வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் மஞ்சளாகும். கிளிப்பச்சை நிறம் மாறாமல் இறக்குகிறவன்தான் ஸ்டோர்க்காரன். அப்படி இறக்கக்கூடியவன் என்று எங்கள் மலைச்சரிவில் எனக்குப் பெயர் இருந்தது. என் பெயர் சுருளி. சொந்த ஊர் சிலமலை. தோட்டம் போடிமெட்டைத் தாண்டி இருந்தது, முதலாளி போடிக்காரர்.

2. மேச்சோலை

நன்றாகக் காயவைக்கிறவன் என்றால் நன்றாக மரம் எரிக்கிறவன் என்று அர்த்தம். அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆடியில் காய் பறிக்கிற முதல் எடுப்பு ஆரம்பித்தால் தை, மாசி வரைக்கும் அடுப்பு அணையாது. ஒவ்வொரு எடுப்புக்கும் லாரி லாரியாக விறகு வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டோருக்குப் பின்னாலேயே மரம் இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் கிழக்குச் சரிவு முழுக்க என் அடுப்புக்குள் போய்விட்டது. அந்தச் சரிவில் ஓர் ஓடை இருந்தது. மரம் போன மறுவருஷம் மாசியில் வற்றியது. அதற்கடுத்த வருஷம் மார்கழியிலேயே வற்றியது. அப்புறம் மழை பெய்கிற அன்றைக்கு மட்டும் செம்மண் தண்ணீராக ஓடும், மழை விட்டால் வெறும் கல்தான்.

மிச்சம் இருந்தது மேச்சோலை. தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு நேர் மேலே, ஒரு குடை கவிழ்த்த மாதிரி நிற்கும் பழைய காடு. அதன் அடியில்தான் ஊற்று. தோட்டத்தில் வேலை செய்த முப்பது குடும்பத்துக்கும் குடிக்க, குளிக்க அந்த ஒரே ஊற்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் நான் மேச்சோலைக்குள் போனேன். மரங்களின் அடியில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது. ஏலத்தோட்டத்தில் சுண்ணாம்பு வட்டம் என்றால் சாதாரணமாகக் கவாத்துக் குறி. நிழல் அடர்ந்துபோன மரத்தில் கிளை கழிக்க அப்படி வட்டம் போடுவோம். ஆனால் ஊற்றுக்கு மேலே ஏலச்செடியே கிடையாது. யாருக்காகக் கிளை கழிக்க வேண்டும்? எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு மரம். அத்தனையும் என் அடுப்புக்கு.

எனக்குக் கோபம் வந்தது. முதலாளி மேல் மட்டும் வந்த கோபம் இல்லை. கிழக்குச் சரிவை எரித்தது இந்தக் கைதானே. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த முப்பத்தெட்டில் ஒரு சுள்ளிகூட என் அடுப்புக்குள் போகக்கூடாது.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அந்த வட்டம் எதற்கு என்று லயத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இது எனக்கும் முதலாளிக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. பேச்சியம்மாள் சொன்னது

போடியில் கோடைகாலத்தில் இலவம்பஞ்சு வேலை நடக்கும். காயை உடைத்துப் பஞ்சை எடுத்த பிறகு ஓடு மலையாகக் குவியும். ஊருக்கு வெளியே கொட்டித் தீ வைத்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனால் திரும்பும்போது சாம்பல் வேட்டிதான். அந்தத் தெருக்களில் குழந்தைகள் இருமிக்கொண்டே இருக்கும். மேலே நான் காடு தேடி அலைகிறேன், கீழே எரிகிற சரக்கைச் சும்மா கொளுத்துகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினோரு வருஷம் ஆனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் கேட்டேன். "ஓட்ட வெச்சுக் காய காயவைக்கலாம் மொதலாளி. ஒரு எடுப்பு பாப்போம்." அவர் சிரித்தார். "சரி, பாரு. விறகு மிஞ்சுனா எனக்கென்ன கசக்குமா?" என்றார்.

ஓடு லேசானது. அப்படியே போட்டால் குபீரென்று எரிந்து உடனே அணையும். அதனால் உடைத்த ஓட்டோடு சிலமலைப் பக்கம் வயலில் பிடுங்கிப் போட்ட பருத்திமார்க் குச்சிகளை நறுக்கிச் சேர்த்து, சாணியும் கொஞ்சம் களிமண்ணும் விட்டு மிதித்து, செங்கல் அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்தோம். வேலை செய்தது போடி பஞ்சுப்பேட்டைப் பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி பேச்சியம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம். கட்டிக்குச் 'சுருளி வரட்டி' என்று பெயர் வைத்ததே அவர்தான். அந்தப் பெயர் மலை முழுக்கப் பரவி, ஜீப்பில் ஏறுகிறவன் எல்லாம் "என்ன சுருளி, இன்னிக்கு எத்தன வரட்டி தட்டுன?" என்று கேட்க ஆரம்பித்தான்.

முதல் நாளே பேச்சியம்மாள் ஓர் ஓட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஏப்பா, உள்பக்கம் தடவிப் பாரு. பஞ்சு ஒட்டியிருக்கு பாத்தியா? இத ஒதறிப் புடச்சுட்டுத்தான் மிதிக்கணும்."

"பஞ்சு இருந்தா நல்லாத்தானக்கா எரியும்?"

"எரியும். எரிஞ்சுக்கிட்டே பறக்கும். நாங்க தீ வைக்கையில பாத்ததில்லையா நீயி? எங்குட்டுப் போய் ஒக்காரும்னு யாரு கண்டா."

"அதெல்லாம் குழாய்க்குள்ளதான போகுது. வெரசா அறுங்கக்கா, ஆடிக்குள்ள மேல ஏத்தணும்."

"ஸ்டோர்க்காரரு சொல்லிட்டாரு. நமக்கென்ன தெரியும்" என்று சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

முதல் எடுப்பில் நடந்தது அதுதான். பஞ்சு எரிந்துகொண்டே குழாய்க்குள் பறந்து, குழாய் திரும்புகிற பெண்டில் போய்ப் படிந்தது. கரி மேல் கரி சேர்ந்து பெண்டு அடைத்துக்கொண்டது. புகைக்கு வெளியே போக வழியில்லை, ஜாயிண்ட் வழியாக அறைக்குள் கசிந்தது. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். சோப்புப் பெட்டியோடு ஒரு மூட்டையை ஏற்றினால்கூடக் கெட்டுப்போகும் சரக்கு அது. நிறம் மட்டும் அருமையாக இருந்ததால் நான் மோந்து பார்க்காமலே மூட்டை கட்டினேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்ற என் மூக்குக்கு அந்த வாடை தெரிந்திருக்கவும் செய்யாது.

4. காலி ஷெட்

முதலாளி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதனாலேயே எல்லாருக்கும் பயம். திரும்பி வந்த மூட்டையில் கைவிட்டு ஒரு காயை எடுத்து, உடைத்து என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு சுருளி."

"பாத்துட்டேன் மொதலாளி. புகை."

"எங்கப்பா காலத்துல இருந்து நம்ம காய்க்கு ஒரு பேரு இருந்துச்சு. ஓட்டு வரட்டிய வெச்சு அத எரிச்சுட்ட. போதும். வியாழக்கிழமை குட்டப்பன் மேஸ்திரி மரம் வெட்ட ஆளோட வர்றான். மேச்சோலைய எறக்கிட்டா மூணு வருசத்துக்கு விறகுக் கவலை இல்ல. அதுவரைக்கும் ஷெட்ல கெடக்குறதப் போட்டு எரி."

"ஷெட்ல விறகு இல்ல மொதலாளி."

"இல்லையா? எடுப்பு நடக்குது, ஷெட்டு காலியா? மறந்துட்டியா?"

"மறக்கல. வேணும்னுதான் சேக்கல."

நான் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். மழையில் விறகு நனைந்துவிட்டது, லாரி வரவில்லை என்று ஆயிரம் சொல்லலாம். சொல்லப் பிடிக்கவில்லை. ஷெட்டில் விறகு இருந்தால் என் கை தானாக அதைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஓட்டில் சின்னக் கோளாறு வந்தாலும் விறகுக்குத் திரும்பிவிடுவேன். அந்த வழியை நானே அடைத்து வைத்திருந்தேன்.

"சரி" என்றார். "வியாழக்கிழமை வெட்டுற மரத்தப் போட்டு எரி."

"பச்ச மரம் இன்னும் புகையும். அதவிடுங்க. அந்த மரத்த நான் அடுப்புல வைக்க மாட்டேன் மொதலாளி. ஊத்துக்கு மேல நிக்குது அது. கெழக்க ஓடை என்னாச்சுன்னு நீங்களே பாத்தீக."

"இது என் தோட்டம்டா."

"தோட்டம் உங்களுது. அடுப்பு என் கையில இருக்கு. அந்த மரந்தான் வேணும்னா வேற கையப் பாருங்க."

"பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீரணனைக் கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டங்களில் விறகு கைமாற்றாகக் கேட்டு வரச் சொன்னார். வீரணன் போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். எடுப்பு சமயத்தில் அடுத்தவனுக்கு விறகு கொடுக்க எவனுக்கு மனசு வரும்?

5. ராக்கம்மா கேட்ட கேள்வி

அன்றைக்குச் சாயங்காலம் பச்சைக்காய் மூட்டைகள் வந்து இறங்கின. தலையில் சுமந்துகொண்டு வந்த பெண்கள் அடுப்பில் தீ இல்லாததைப் பார்த்தார்கள். காய் எடுக்கிற பெண்களில் ராக்கம்மா முன்னேர் மாதிரி. அவள் போகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் கை போகும். மூட்டையை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, அடுப்பு ஏன் எரியல?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மரத்தை எரிக்க மாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேனே. அவள் பெருமைப்படவில்லை.

"நீங்க மொதலாளிகூட மல்லுக்கு நில்லுங்க. நடுவுல எங்க காய ஏண்ணே போடுறீக? அட்டக்கடியில பொழுதன்னிக்கும் நின்னு எடுத்த காய். ரெண்டு நாள் கெடந்தா பழுத்துப்போகும். எடுப்பே வேணாம், ஊருக்குப் போங்கன்னு மொதலாளி சொன்னா எங்க புள்ளைக்கு நீங்களா சோறு போடுவீக?"

"ராக்கு, அது மேச்சோலை மரம். வெட்டிட்டா ஊத்து போயிரும்."

"மேச்சோலையா? அது கவாத்துக் குறியில்ல?"

"இல்ல. அடியோட வெட்டுற குறி. பங்குனியிலேயே போட்டாச்சு."

சுற்றி நின்ற பெண்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள். ராக்கம்மாவுக்கு முகம் சிவந்துபோனது.

"பங்குனியில இருந்து தெரியுமா உங்களுக்கு? அந்தத் தண்ணிய மொண்டு குடிக்கிறது நாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

முதலாளி முன்னால் நிமிர்ந்து நின்ற நான் அவள் முன்னால் தலை குனிந்தேன். அவளுக்கு அந்த மரத்தில் இருந்த உரிமையில் கால்வாசிகூட எனக்கு இல்லை. நான் ஊற்றுத் தண்ணீரைச் சுமந்தவனில்லை.

காயைப் பழுக்கவிடாமல் வைக்க என்ன வழி என்று அவளே கேட்டாள். சாக்கிலிருந்து கொட்டி, தரையில் ஒரு காய் கனத்துக்குப் பரப்பிவிட்டால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும் என்றேன். எல்லாப் பெண்களும் சேர்ந்து பரப்பினார்கள். பரப்பி முடித்ததும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே லயத்துக்குப் போனார்கள்.

6. புடைத்த ஓடு

புதன்கிழமை காலையில் ஜீப்பு சத்தம் கேட்டது. வீரணன் தானாகவே விடியுமுன்னே கீழே போய்ப் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சரக்கு திரும்பிய செய்தி பஞ்சுப்பேட்டைக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டதாம். இறங்கியவர் இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா ஸ்டோர்க்காரரே. பஞ்சு எங்குட்டுப் போய் ஒக்காந்துச்சு?"

"பெண்டுலக்கா."

"நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக. நான் கேக்கல. தப்புத்தான்."

"அது போதும். மொறம் இருக்கா?"

லயத்திலிருந்து முறங்கள் வந்தன. ஸ்டோர் ஓரமாக அடுக்கியிருந்த மிச்ச வரட்டிகளைக் களத்தில் போட்டு உலக்கையால் உடைத்தோம். மலைக்காற்று சும்மா விடுமா? முறத்தைத் தூக்கிப் புடைக்கப் புடைக்கப் பஞ்சும் தூசியும் தனியே பறந்தன. ஓடும் பருத்திமாரும் முறத்தில் நின்றன. பாதிப் பெண்கள் காய் எடுக்கப் போகாமல் புடைத்தார்கள். நான் குழாயைக் கழற்றி, பெண்டைக் கம்பால் தட்டினேன். இரண்டு கூடை கரி விழுந்தது. ஜாயிண்டுகளில் எல்லாம் களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினோம்.

வேலை நடக்கும்போதே ராக்கம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றாள். அவள் பேசியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"மொதலாளி, நாங்க வேலைய நிறுத்த வரல. காய் எடுக்குறதுதான் எங்க சோலி, எடுப்போம். ஆனா தண்ணியில்லாத லயத்துல இருந்துக்கிட்டு எடுக்க முடியாது. மேச்சோலைய வெட்டுனா அடுத்த மாசியில நாங்க இங்க இருக்க மாட்டோம். இன்னிக்கு ஒரு நாளு இவுக ஓட்டுல காயவைக்கட்டும். வாடை அடிச்சா நீங்க சொல்றதச் சொல்லுங்க."

முதலாளி எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். விறகு இல்லை, காய் தரையில் கிடக்கிறது, குட்டப்பன் நாளைக்குத்தான் வருவான். அவருக்கும் வேறு வழி இல்லை. "இந்த ஒரு தடவதான்" என்றார். ஒரு நாற்காலியை எடுத்து வந்து ஸ்டோர் வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்குத் தீ வைத்தேன். முந்தைய எடுப்பில் வரட்டியை முழுசு முழுசாக அடுக்கியவன், இந்தத் தடவை உடைத்த ஓட்டைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட்டேன். விறகு என்றால் வைத்துவிட்டு ஒரு பீடி குடிக்கலாம். ஓட்டுக்கு அந்த மரியாதை கிடையாது, அடுப்பை விட்டு அசைய முடியாது. பேச்சியம்மாள் அள்ளிக் கொடுத்தார், நான் போட்டேன், ராக்கம்மா உள்ளே ஜாயிண்டு ஜாயிண்டாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தாள். என் மூக்கை நான் நம்பவில்லை. பொழுது சாய்ந்து விடிகிற வரைக்கும் ஆள் மாற்றி ஆள் நின்றோம். கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தட்டை இறக்கினேன். அதற்குள் குட்டப்பன் மேஸ்திரி கோடாலி, ரம்பம் சகிதம் ஆறு ஆட்களோடு வந்து நின்றுவிட்டான். "எந்தா முதலாளி, துடங்கட்டே?" என்று, ஆரம்பிக்கலாமா என மலையாளத்தில் கேட்டான்.

முதலாளி அவனுக்குப் பதில் சொல்லாமல் தட்டில் கைவிட்டார். ஒரு காயை உடைத்து மோந்தார். இன்னொரு தட்டு, இன்னொரு காய். கடைசியில் ஒரு காயை வாயில் போட்டு மென்றார். பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அப்புறம் ராக்கம்மா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குட்டப்பா, சாயா குடிச்சிட்டுக் கெளம்பு. இப்ப வேணாம்" என்றார்.

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு காய் எடுக்கப் போனார்கள். பேச்சியம்மாள் மட்டும் முறத்தைத் தட்டி வைத்துவிட்டு, "இப்ப வேணாம்னுதான சொன்னாரு" என்று என் காதில் சொன்னார்.

7. தேவாரத்துக்காரர்

பேச்சியம்மாள் சரியாகத்தான் கேட்டிருந்தார். அந்த வருஷத்து எடுப்பு முழுக்க ஓட்டிலேயே காய்ந்தது. ஒரு மூட்டைகூடத் திரும்பவில்லை. போடிக்கு வெளியே எரிந்த குவியல் பாதியாகக் குறைந்தது. அடுப்புச் சாம்பலைச் செடித் தூரில் போட்டோம், செடி கேட்டு வாங்கித் தின்றது. ஊற்று மாசியில் நிற்கவில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது, எடுப்பு முடிகிற சமயத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சுருளி, உன் வேலையில குத்தமில்ல. ஆனா ஷெட்டக் காலியா வெச்சு என் கழுத்துல கத்தி வெச்ச ஆள நான் ஸ்டோர்ல வெச்சுக்க முடியாது. மாசக் கடைசியோட நின்னுக்க."

"சரிங்க" என்றேன். கெஞ்சவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒருவேளை அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் உள்ளே கொதித்தது. ஓட்டில் காயவைக்கிற பக்குவம் என் கையில் இருக்கிறது. எவ்வளவு போடுவது, எப்போது குழாய் மூடியான டாம்பரைத் திறப்பது, பெண்டை எத்தனை நாளுக்கு ஒரு தடவை தட்டுவது, எதுவும் வேறு ஆளுக்குத் தெரியாது. போகிறேன், என் பக்குவத்தோடு போகிறேன், புது ஆள் கரியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கட்டும், என்னை நினைத்து இவர் ஏங்கட்டும் என்று கறுவிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

ராக்கம்மா வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னிக்கேவா போறீக?"

"வேற என்ன? நிறுத்தியாச்சுல்ல."

"புது ஆளு தேவாரத்துல இருந்து வந்துட்டாராம். சொல்லிக் குடுத்துட்டீகளா?"

"நான் ஏன் சொல்லிக் குடுக்கணும்? என்னத் தொரத்திட்டு என் வேலைய மட்டும் வெச்சுக்குவாரா?"

அவள் வாசலிலேயே நின்றாள், நகரவில்லை.

"அண்ணே, நீங்க கோபத்துல போயிருவீக. அந்த ஆளு ரெண்டு லோடு காயக் கெடுப்பாரு. மூணாவது லோடுக்குக் குட்டப்பன் வருவான். போன தடவ எங்ககிட்டச் சொல்லாம விட்டீக. இந்தத் தடவ அந்த ஆளுகிட்டச் சொல்லாம விடப் போறீகளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்டோருக்குப் போனேன்.

தேவாரத்துக்காரர் பெயர் பெரியகருப்பன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேறு தோட்டங்களில் விறகு அடுப்பில் வேலை பார்த்தவர். யானை வந்து அவருடைய வாழையை மிதித்துவிட்டுப் போன வருஷம் அது, பிழைப்புக்கு மறுபடி மலையேறியிருந்தார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வேலையை விட்டுப் போகிறவன் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குழி இருக்கும் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

"தம்பி, எனக்கு எதுக்கு இதச் சொல்றீக? மொதலாளி சொல்லச் சொன்னாரா?"

"அவரு சொல்லல. நான் இங்க இருக்கதே அவருக்குத் தெரியாது. கையக் கொண்டாங்கண்ணே, இந்த ஓட்டத் தடவிப் பாருங்க. பஞ்சு இருக்கா?"

நான்கு நாள் இருந்தேன். கடைசி எடுப்பின் காய்க்கு ஓட்டை அவர் கையாலேயே அடுப்பில் போட வைத்தேன். முதல் நாள் அவர் சூட்டைத் தவறவிட்டார், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவரும் சளைக்காமல் திருப்பித் திட்டினார். மூன்றாம் நாள் நான் சொல்லாமலே டாம்பரைத் திறந்தார்.

எதிர்த்து நின்றதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. நீங்களும் நிற்க வேண்டிய நாள் வந்தால் நில்லுங்கள். ஆனால் யாருக்கு அந்தத் தண்ணீர் சொந்தமோ அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டு நில்லுங்கள். நின்று ஜெயித்ததை உங்களோடு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், அதற்கு எனக்கு ஒரு வேலை போனது.

ஐந்தாம் நாள் காலையில் வீரணன் ஜீப்பில் ஏறினேன். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தால் ஸ்டோர் தெரியும், அதற்கு மேலே மேச்சோலை முழுசாக நின்றது. புகைபோக்கியில் மெலிசாக, சீராகப் புகை போய்க்கொண்டிருந்தது. பாவி மனுஷன், நான்கே நாளில் என்னைவிட நன்றாகப் போடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. வண்டி போடி வந்து சேருகிற வரைக்கும் சந்தோஷமாகவும் இருந்தது.